குடம்புளி: காய்க்கும் மரமும் காய்க்காத மரமும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர்ப் பகுதியின் வயல்வரப்புகளில் நிற்கும் பனைகளுள் சில நுங்கு தருகின்றன. சில ஒருபோதும் காய்ப்பதில்லை. காய்க்காதவை ஆண் பனைகள் என்பது அங்குள்ள சிறுவரும் அறிந்த செய்தியாகும். இவ்வாறு ஆண் பூக்களும் பெண் பூக்களும் வெவ்வேறு மரங்களில் தோன்றுமாயின், அவற்றை ஈரில்லத் தாவரங்கள் என்பர். பூக்கும் தாவர இனங்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 6 இவ்வகையைச் சேர்ந்தவை. தாவரங்களிலும் ஆண், பெண் வேறுபாடு உண்டென்பதை ஜெர்மானிய அறிஞர் கமராரியஸ் 1694-ஆம் ஆண்டில் சோதனைகளின் வாயிலாக விளக்கினார்.

பனையில் ஆண் மரமும் பதநீர் அளிப்பதால் உழவருக்குப் பெரும் நஷ்டமில்லை. ஆனால், மலைப்பகுதிகளில் வளர்க்கப்படும் குடம்புளியின் நிலை வேறு. அதில் ஆண் மரம் விற்பனைக்குரிய விளைபொருள் எதனையும் தருவதில்லை.

குடம்புளி, மங்குஸ்தானின் இனத்தைச் சேர்ந்த, என்றும் பசுமை மாறாத மரம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. மிளகும் ஜாதிக்காயும் விளையும் இடுக்கி மாவட்டத் தோட்டங்களிலும் இதனைக் காணலாம். சிறு பூசணியைப் போல் வரிப்பள்ளங்களுடன் கூடிய இதன் கனி, பழுக்கும்போது மஞ்சள் நிறம் பெறும். உலர்த்திப் புகையூட்டிய கனித்தோலே மீன் குழம்பில் சேர்க்கப்படும் புளியாகும். இப்புளிப்புக்கு முதன்மையான காரணம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகியோர் 1965-இல் வெளியிட்டனர்.

விதைக் கன்றில் நேரும் இழப்பு

குடம்புளி விதை முளைக்கப் பல மாதங்கள் ஆகும். விதையின் மேலுறையைச் சேதமின்றி நீக்கி விதைத்தால் முளைப்பு விரைவுபடும். ஆயினும், முளைத்த கன்று ஆணா, பெண்ணா என்பதைத் தோற்றங்கொண்டு அறிய இயலாது. விதைக் கன்று காய்ப்புக்கு வர 10 முதல் 12 ஆண்டுகள் செல்லும். நட்ட கன்றுகளுள் நூற்றுக்கு 50 முதல் 60 வரை ஆண் மரங்களாகவே அமைகின்றன.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. விதைக் கன்றுகளுக்கு உரிய இடைவெளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதன்படி ஓர் ஏக்கரில் சுமார் 40 கன்றுகள் நடலாம். பத்தாண்டுகளுக்கு மேல் உரமிட்டுப் பேணிய பின்னர், அவற்றுள் 20 முதல் 24 வரை காய்க்காத மரங்கள் என்பது தெரியவரும். சிறு நிலமுடைய குடும்பத்துக்கு இவ்விழப்பு எளிதில் ஈடுசெய்யக்கூடியதன்று.

ஒட்டுக்கன்றே தக்க வழி

நன்கு காய்த்து, தரமான கனி தரும் தாய் மரத்திலிருந்து இளந்தண்டினை எடுத்து, குடம்புளி நாற்றின்மீது ஒட்டுக் கட்டினால், தாய் மரத்தின் பால் தன்மையும் பிற குணங்களும் மாறாமல் கிடைக்கும். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டு முதலே காய்க்கத் தொடங்கி, 12 முதல் 15 ஆண்டுகளில் முழுப் பலனை எய்தும். சரிவான நிலத்தில் 4 மீட்டருக்கு 4 மீட்டரும், சமவெளியில் 7 மீட்டருக்கு 7 மீட்டரும் இடைவெளி போதுமானது. அமிர்தம், ஹரிதம் என்பன கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குடம்புளி ரகங்களாகும். கன்று வாங்கும் உழவரிடம், அது ஒட்டுக்கன்றுதானா என்பதை ஒட்டுப்பகுதியைப் பார்த்து உறுதிசெய்து கொள்ளுமாறு களப் பணியாளர் வற்புறுத்துதல் வேண்டும்.

ஆண் மரத்தை அழிக்கலாமா?

காய்க்காத மரம் என்பதற்காக ஆண் மரங்கள் அனைத்தையும் வெட்டிவிடுதல் தவறாகும். மகரந்தம் அவற்றிலிருந்தே கிடைக்கிறது. இடுக்கியில் பரவலாகப் பயிரிடப்படும் ஜாதிக்காயும் ஈரில்லத் தாவரமே. இலையின் வடிவத்தைக் கொண்டு ஜாதிக்காய்க் கன்றின் பாலை அறிய முயன்றவர் உண்டு. அம்முறை நம்பத்தக்கதாக அமையவில்லை. ஜாதிக்காய்த் தோட்டத்தில் 10 பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் இருத்தல் வேண்டும் என்பது பரிந்துரை. எஞ்சிய ஆண் மரங்களின் தலைப்பகுதியை வெட்டி, துளிர்க்கும் புதுத் தண்டுகளில் பெண் மரத்தின் ஒட்டினை ஏற்றி, அவற்றையும் காய்க்கச் செய்யலாம். வேரூன்றி வளர்ந்த மரத்தின் வலிமை இதனால் வீணாவதில்லை.

குடம்புளி ஜனவரி முதல் மார்ச் வரை பூக்கும். கனிகள் ஜூலையில் முதிரும். பூக்கும் பருவத்தில் ஆசிரியர்கள் மாணவர்களை அருகிலுள்ள தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, பூக்களைப் பிரித்துக் காட்டலாம். ஆண் பூவில் கேசரங்கள் திரண்டு நிற்கும்; காய்க்கும் மரத்தின் பூவிலோ நடுவில் பருத்த சூலகம் தெளிவாகத் தென்படும். ஒவ்வொரு மரத்தின் பாலையும், அது தந்த காய்களின் அளவையும் ஆண்டுதோறும் குறித்து வைத்தால், ஒட்டுக்கட்டுவதற்கு உரிய சிறந்த தாய் மரம் எதுவென அவ்வூர் உழவர்களே தேர்ந்துகொள்ள அக்குறிப்பு பெரிதும் பயன்படும்.