இரவலும் உடைமையும்: கண்டிப் பீரங்கியின் கற்கள்

புகழ்பெற்ற இரத்தினக்கல்லொன்று நூதனசாலைக்கு இரவலாக வழங்கப்படும்போது அதன் எடையும் ஒளியுமே பேசப்படுகின்றன. உடையவனின்றி இரவல் இல்லை. அவ்வுடைமை எவ்வாறு தோன்றியது என்பது வினவப்படுவதில்லை.

கண்டியில் வாழும் எமக்கு இவ்வினா அயலானதன்று. லெவ்கே திசாவை கண்டி மன்னனுக்கு அளித்த சிறு பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் பதிக்கப்பெற்றது. 1765இல் ஆளுநர் வான் எக்கின் தலைமையில் ஒல்லாந்தக் கம்பனிப் படைகள் அரண்மனையைச் சூறையாடியபோது அதுவும் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் அம்ஸ்ரர்டாமிலுள்ள றைக்ஸ் நூதனசாலையின் உடைமையாயிற்று. அந்நிய நாடுகளிலுள்ள எமது கலைப்பொருள்களின் பட்டியலைப் பி. எச். டி. எச். டி சில்வா 1975இலேயே வெளியிட்டார். எனினும், இரு நாட்டு ஆய்வாளரும் பங்குகொண்ட ஆய்வு அது கொள்ளைப்பொருளே என நிறுவிய பின்னரே, 2023 டிசம்பரில் வேறு ஐந்து பொருள்களுடன் கொழும்புத் தேசிய நூதனசாலையை அது வந்தடைந்தது. வந்தது இரவலாகவன்று, உடைமையுரிமையே கைமாறியது.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்வேறுபாடு அன்று. 2024இல் பிரித்தானிய நூதனசாலையும் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையும் 32 அசாந்தி அரும்பொருள்களைக் கானாவுக்கு அனுப்பின. அவற்றுட் பல பிரித்தானியப் படைகள் கவர்ந்தவை. மூன்றாண்டு இரவல் என்பதே ஒப்பந்தம். பிரித்தானிய நூதனசாலை தன் சேகரிப்பைக் கைவிடுவதை 1963ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் தடுக்கின்றது என்பர். சட்டத்தை ஆக்கியோர் எவர் என்பதையும் நாம் கேட்கவேண்டும். பறிகொடுத்தவன் தன் பொருளையே இரவல் பெறும்போது, பறித்தவனின் உரிமையை ஏற்றுக் கையொப்பமிடுகின்றான்.

அன்பளிப்பு என்னும் சொல்லும் இத்தகையதே. இலங்கையில் அகழப்பெற்ற 423 கரட் நீலக்கல்லொன்று வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்தில் 'லோகன்' என்னும் பெயருடன் விளங்குகின்றது. லோகன் என்பது வழங்கிய சீமாட்டியின் குடும்பப்பெயர். 1960இல் அன்பளிப்பாக்கிய அக்கல்லை அவர் 1971 வரை தம்மிடமே வைத்திருந்தார். கொடுத்தும் கொடாமை செல்வர்க்கே வாய்க்கும்! குழியில் இறங்கிச் சேற்றை அரித்து அதனைக் கண்டெடுத்தவனின் பெயர் கல்லுக்கு இடப்படவில்லை.

தாயகம் மீண்ட பொருளுக்கும் இவ்வினா பொருந்தும். பீரங்கியின் வரலாறு மன்னனையும் திசாவையையுமே சுட்டுகின்றது. கல் அகழ்ந்தவனும் பதித்த கம்மாளனும் அதில் இல்லை. மஹய்யாவையில், தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டு இந்நகரைத் தலைமுறைகளாகத் துப்புரவு செய்துவரும் தமிழ்த் தொழிலாளரின் குடியிருப்புகளைக் கடந்து செல்கையில், அவ்வின்மை எமக்குப் புதியதாகத் தோன்றுவதில்லை.