கூடைப்பந்து வீரர் கர்ரி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டேவிட்சன் கல்லூரியில் 2006 ஆம் ஆண்டு சேர்ந்தவர் ஸ்டீபன் கர்ரி. மெலிந்த உடலினர், எனினும் தொலைவிலிருந்து குறி தவறாது பந்தெறிய வல்லவர். மூன்று புள்ளி தரும் அத்தகைய எறிகளில் 162ஐ 2007-08 ஆம் ஆண்டுப் பருவத்தில் கூடையில் இட்டு, கல்லூரி ஆட்டங்களில் அதுவரை எவரும் எட்டாத அளவை எட்டினார்.

மறு பருவத்தில் ஆட்டத்தை நடத்திச் செல்லும் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. பந்தைத் தாம் எறிவதோடு, பிறர்க்கு வழங்கவும் பழகவேண்டியதாயிற்று. 2008 நவம்பரில் மேரிலாந்து லயோலா கல்லூரியோடு நிகழ்ந்த ஆட்டத்தில், எதிரணியார் இருவர் அவரை விட்டகலாது காத்தனர். கர்ரி சினந்தாரல்லர், மூலையில் ஒதுங்கி நின்றார். காவலர் இருவரும் உடன் சென்றமையால், ஏனைய நால்வரைத் தடுக்க மூவரே எஞ்சினர்! அன்று கர்ரி பெற்ற புள்ளி ஒன்றுமில்லை. டேவிட்சன் 78, லயோலா 48. அப்பருவத்தில் நாட்டிலேயே மிகுந்த சராசரிப் புள்ளிகள் பெற்ற கல்லூரி வீரரும் அவரே.