உப்பு கசியும் ஊரில் தூசு உண்ணி

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “குளிர் ஊரில் தூசு உண்ணி இருக்காது என்கிறார்களே, பிறகு ஏன் என் மகளுக்கு விடியற்காலையில் இழுப்பு வருகிறது? உண்ணியைக் கொல்லும் ஸ்பிரே வாங்கலாமா?”

மலை ஏறினால் உண்ணி இல்லை என்பது சுவிற்சர்லாந்தின் தாவோஸ் நகரத்துக்குப் பொருந்தும். சுமார் 1,560 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊருக்கு நெதர்லாந்திலிருந்து ஆஸ்துமா நோயாளிகளை அனுப்பினார்கள். பலருக்கு மூச்சு இலகுவானது. நுவரெலியா அதைவிட உயரம், 1,868 மீற்றர். ஆனாலும் அந்தப் பலன் இங்கே கிடைக்காது, ஏனென்றால் தாவோஸில் உண்ணியை ஒழிப்பது உயரமல்ல, வறட்சி. உறைகுளிர்க் காற்றை வீட்டுக்குள் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் 20 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். நம் லயன் காம்பராவிலோ சூடாக்கி கிடையாது. மழையும் மூடுபனியும் சூழ்ந்த அறைக்குள் துணி காய்கிறது, குடும்பமே மூச்சு விட்டபடி தூங்குகிறது. கொலம்பியாவின் போகோட்டா 2,600 மீற்றர் உயரம்; ஈரமான ஊர் என்பதால் அங்கேயும் உண்ணி வாழ்கிறது.

இந்த உயிருக்கு ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு நீளமும் எட்டுக் காலும் கொண்டது இது. கடிக்காது, நாம் உதிர்க்கும் தோல் செதிலைத் தின்கிறது. மெத்தைக்குள் குடிக்கத் தண்ணீர் ஏது? காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் நம் சமையலறை உப்புச் சாடி நீர் விட்டுக்கொள்ளும் அல்லவா, உண்ணி தன் முன்னங்கால்களின் அடியில் அப்படிப்பட்ட இரண்டு சாடிகளை வைத்திருக்கிறது. அங்குள்ள சுரப்பிகளிலிருந்து சோடியம் குளோரைட்டும் பொட்டாசியம் குளோரைட்டும் சேர்ந்த கரைசல் ஊறுகிறது. அது காற்றின் நீராவியைப் பிடித்து, சிறு வாய்க்கால் வழியே வாய்க்கு ஓடுகிறது. உண்ணி அதை விழுங்கி நீரை எடுத்துக்கொள்கிறது. 25 பாகை செல்சியஸில் கறியுப்பு 75 சதவீத ஈரப்பதனில் கசியத் தொடங்கும். உண்ணியால் நீர் பிடிக்க முடிகிற எல்லையும் கிட்டத்தட்ட அதுவே, சுமார் 73. காற்று அதற்குக் கீழே உலர்ந்தால் கரைசல் படிகமாகி வாசலை அடைத்துவிடும். சாடி தனக்குத்தானே மூடி போட்டுக்கொண்டு, உள்ளிருக்கும் நீரை வீணாக்காமல் காக்கிறது. ஈரம் திரும்பியதும் மூடி கரைகிறது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் நல்ல ஈரம் கிடைத்தாலே, மற்ற நேரம் வறண்டிருந்தாலும் சமாளித்துவிடுகிறது. தூங்குகிறவரின் வியர்வை அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மேலேயே கொடுத்துவிடும்.

குளிர் செய்வது ஒன்றுதான், தாமதம். 16 பாகையில் முட்டை முழு உண்ணியாக ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். 23 பாகையில் ஒரு மாதம் போதும். கம்பளிக்குள்ளே நாம் உருவாக்குவது இரண்டாவது காலநிலை.

வீட்டுத் தூசில் இந்த உண்ணியே ஒவ்வாமைக்குக் காரணம் என்று லைடன் பல்கலைக்கழகத்தில் வூர்ஹோர்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும் 1960களில் நிறுவினார்கள். 1981இல் டோவி, சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் மூவரும் முக்கிய குற்றவாளி அதன் எச்சமே என்று காட்டினார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

ஒவ்வோர் உண்ணியும் நாளுக்குச் சுமார் இருபது எச்ச உருண்டைகள் போடும். அவற்றிலுள்ள செரிமான நொதியே நம் மூச்சுக்குழாயைச் சீண்டுகிறது. உண்ணி செத்த பிறகும் அந்த நொதி மெத்தையில் கிடக்கும். ஆகவே கொல்வது மட்டுமே வேலை என்று சொல்லும் ஸ்பிரேயை நான் நம்புவதில்லை. காற்றுச் சுத்திகரிப்பானும் அப்படியே: உருண்டைகள் கனமானவை, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும், இயந்திரத்துக்குப் போய்ச் சேராது. 54 பரிசோதனைகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டுக் கொக்ரேன் ஆய்வு, அன்று புழங்கிய உண்ணித் தடுப்பு முறைகளால் ஆஸ்துமாவுக்குப் பலன் தெரியவில்லை என்றது. ஆனால் 2017இல் இங்கிலாந்தில் 284 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், உண்ணி ஊடுருவாத உறை போட்ட மெத்தையில் படுத்தவர்களில் 29 சதவீதத்தினரே அடுத்த ஓராண்டில் மீண்டும் மோசமாகி மருத்துவமனைக்கு வந்தார்கள். சாதாரண உறைக்காரர்களில் 42 சதவீதம். பணம் செலவழிப்பதென்றால் ஸ்பிரேயைவிட அந்த உறைக்குச் செலவழிக்கலாம்.

மற்றது வெயில். விரிப்புகளை நேரடி வெயிலில் போட்டால் வெப்பமும் வறட்சியும் சேர்ந்து உண்ணிகளைக் கொல்கின்றன என்று சிட்னியில் டோவியே பின்னர் காட்டினார். தை, மாசியில் உறைபனி விழும் நாட்களின் பகல் வெயில் இதற்கு உகந்தது. மூடுபனி ஏறும் முன் எடுத்துவிட வேண்டும். உறைபனி இரவில் கம்பளியை வெளியே போடுவது வேலைக்காகாது: உண்ணி சாக மைனஸ் 17 பாகையில் ஒரு நாளாவது வேண்டும். துவைப்பதென்றால் தண்ணீர் 55 பாகைக்கு மேல் இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் எச்சத்தில் பெரும்பகுதியைக் கழுவிவிடும், ஆனால் உயிருள்ளவை இழைகளைப் பற்றிக்கொண்டு தப்பிவிடும்.

இழுப்புக்கு விறகுப் புகை, பூஞ்சணம் என்று வேறு காரணங்களும் உண்டு. உண்ணிதானா என்பதைத் தோல் சோதனை சொல்லும். அதுவரையும் அதற்குப் பிறகும் டொக்டர் தந்த பம்ப்பை நிறுத்தக் கூடாது.

அந்தத் தாயால் செய்ய முடியாதது ஒன்று மிச்சமிருக்கிறது. ஈரம் ஊறும் சுவரையும் சிறிய ஜன்னலையும் கம்பளி உலர்த்திச் சரிசெய்ய முடியாது. இந்திய உதவியில் தோட்டங்களில் 4,000 வீடுகளுக்குப் பிறகு மேலும் 10,000 வீடுகள் 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும் எதிரெதிர் ஜன்னல்களும், புகை வெளியேறும் அடுப்படியும், மழை படாமல் துணி காயப்போட ஒரு தாழ்வாரமும் வேண்டும் என்று குடும்பங்கள் இப்போதே கேட்க வேண்டும். சுவர் எழும்பிய பிறகு ஜன்னல் வைப்பது கடினம்.