நோய் வருமுன் ஓர் அட்டை

எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் இருக்கிறார். சென்ற ஆண்டு அவருடைய மனைவிக்கு இருதய அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். மகளின் நிக்காஹுக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. மனைவி பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். நிக்காஹ் தேதிதான் இன்னும் குறிக்கப்படவில்லை. இதில் வேதனை யாதெனில், அரசின் காப்பீட்டு அட்டையைப் பெறும் தகுதி அவருக்கு முன்பே இருந்தது, அட்டைதான் இல்லை.

காப்பீட்டின் கணக்கு எளிது. ஆயிரம் குடும்பங்கள் வாழும் ஊரில், ஆண்டுக்குப் பத்துக் குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்ச ரூபாய் மருத்துவச் செலவு நேர்வதாகக் கொள்வோம். அந்தப் பத்துக் குடும்பங்கள் எவை என்பதை முன்கூட்டி அறிவார் இல்லை. மொத்தச் செலவோ பத்து லட்சம். பகிர்ந்துகொண்டால் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய். ஒரு வீட்டை வீழ்த்தும் சுமை, ஊரார் தோளில் ஏறும்போது இலேசாகிவிடுகிறது.

ஆனால், நோயுற்றோர் மட்டுமே வந்து சேர்ந்தால் இக்கணக்கு பிழைத்துவிடும். கட்டணம் உயரும், உயர உயர உடல்நலம் உள்ளோர் விலகுவர். இதனை அஞ்சியே காப்பீட்டு நிறுவனங்கள் முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் விதிக்கின்றன. 2024ஆம் ஆண்டின் விதிப்படி அக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது.

ஏழைகளுக்கோ கட்டணமே தடை. அக்கட்டணத்தை அரசே செலுத்தும் திட்டம் தமிழகத்தில் 2009இல் தொடங்கியது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுகிறது. இதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை உண்டு. தகுதிக்கான ஆண்டு வருமான வரம்பு 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எனவே, முன்பு தகுதியில்லை என்று திரும்பியவர்களும் மீண்டும் விசாரிப்பது நன்று.

ஒன்றை மறவாதீர்கள். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் மட்டுமே அட்டை செல்லும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அன்றாடம் உண்ணும் மாத்திரைகளுக்கு அது உதவாது. அவற்றை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பெறலாம். அவற்றை ஒழுங்காக உட்கொள்வோருக்கு அறுவைச் சிகிச்சை வரை செல்லும் நிலை அரிதாகும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டைகளுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தை அணுகுங்கள். ஓரிரு நாள் கூலி போகலாம். அந்தக் கூலிக்கு அஞ்சியே தையற்காரர் ஆண்டுதோறும் தள்ளிப்போட்டார். இன்று அவர் மாதந்தோறும் கட்டும் அடகு வட்டி, அந்தக் கூலியினும் பெரிது.