கையைக் கண்டால் பதறும் பறவை

பிள்ளை ஆசைப்பட்டதென்று பிறந்தநாளுக்கு ஒரு காக்கடெய்ல் வாங்கி வருகிறார்கள். முதல் நாள் வீடே கூண்டைச் சுற்றி நிற்கிறது. மூன்றாம் நாள் பிள்ளை உள்ளே கையை விட, விரலில் இரத்தம். அடுத்த வாரம் கூண்டு துணி துவைக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. "இது பழகாத பறவை" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. நம் தாமான் வீடுகளில் அடிக்கடி நடக்கும் கதைதான்.

பறவையின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கடி நியாயமாகவே தெரியும். காக்கடெய்லின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்கள். அங்கே அது தானியம் கொறித்து, பருந்துக்குப் பயந்து வாழ்ந்த இனம். மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்துதான். கூண்டின் மேல் கதவு வழியாக நுழையும் கையும் அப்படியே. கடையில் அதைப் பிடித்துப் பெட்டியில் அடைத்ததும் ஒரு கைதானே!

ஆகவே முதல் வாரம் கையை மறந்துவிட வேண்டும். கூண்டை ஆள் நடமாட்டம் உள்ள கூடத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி, நம் கண் மட்டத்தில் வைக்கலாம். நான்கு பக்கமும் திறந்திருந்தால் பறவைக்கு நிம்மதி இருக்காது. அருகில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கலாம், மெல்லப் பேசலாம். உற்றுப் பார்க்காமல் இருப்பது நல்லது. நாம் பக்கத்தில் இருக்கும்போதே அது தயங்காமல் தீனி கொத்துகிறதென்றால், அடுத்த படிக்குப் போகலாம்.

அந்தப் படிக்கு உதவுவது தினைக்கதிர். பறவைக் கடைகளில் கதிராகவே கிடைக்கும். குறிஞ்சிப் பாடல்களில் தலைவி தினைப்புனத்தில் நின்று கிளிகளை விரட்டுவாள். இன்று அதே தினையைக் காட்டித்தான் கிளி இனத்தை அழைக்க வேண்டியிருக்கிறது. கதிரைத் தினமும் கூண்டில் தொங்கவிட்டால் அதற்கு மதிப்பில்லை. கையிலிருந்து மட்டுமே கிடைக்க வேண்டும். முதலில் கம்பி வழியாக, பிறகு திறந்த பக்கவாட்டுக் கதவில், கையை அசைக்காமல் நீட்டிக் காத்திருக்க வேண்டும். பறவைதான் வர வேண்டும்; கை துரத்தக் கூடாது. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் போதும். தயங்காமல் வந்து தின்னத் தொடங்கிய பிறகு, விரலை அதன் கால்களுக்குச் சற்று மேலே, அடிவயிற்றில் மெல்ல வைத்தால் தானாகவே ஏறி நிற்கும். சில பறவைகளுக்கு இரண்டு வாரம், சிலவற்றுக்குப் பல மாதம். குஞ்சிலேயே கையில் ஊட்டி வளர்த்த பறவை சீக்கிரம் வரும்.

காக்கடெய்லிடம் ஒரு வசதி உண்டு. மனநிலையைக் கொண்டை சொல்லிவிடும். நேராக விறைத்து நின்றால் மிரட்சி அல்லது உன்னிப்பு. தலையோடு ஒட்டிப் படிந்து, 'ஸ்ஸ்' என்று சீறினால் அடுத்தது கடிதான். அந்த நேரத்தில் பின்வாங்குவதில் வெட்கமில்லை. கொண்டை தளர்ந்து, அலகை மெல்ல 'கரகர'வென அரைத்தபடி கண் சொக்கினால் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள்.

கடித்தால்? கத்தவும் வேண்டாம், கூண்டைத் தட்டவும் வேண்டாம். அலறல் சில பறவைகளுக்கு வேடிக்கையாகிவிடும், மற்றவற்றுக்குப் பீதி. அமைதியாகக் கீழே இறக்கிவிட்டு அன்றைய பாடத்தை முடித்துக்கொள்ளலாம்.

இறகை வெட்டினால் சீக்கிரம் பழகும் என்று சிலர் சொல்வார்கள். தப்பிக்க வழியில்லாமல் கையில் உட்காருவதைப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? வெளியே விடும் நேரத்தில் சன்னலை மூடி, கூரைக் காற்றாடியை நிறுத்தினால் போதும். நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் ஆவி பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் புகையும் அதன் நுரையீரலுக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை மட்டுமாவது கூண்டை வேறு அறைக்கு மாற்றிவிடலாம்.

தோட்டத்து லயங்களில் வளர்ந்த பெரியவர்கள், மரப்பொந்தில் எடுத்த மைனாக் குஞ்சைப் பேசப் பழக்கிய கதை சொல்வார்கள். இன்று அப்படிச் செய்ய முடியாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மலை மைனா போன்ற பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். கூண்டில் பிறந்த காக்கடெய்லைச் 'சுதந்திரமாகப் போ' என்று பறக்கவிடுவதும் புண்ணியமாகாது. தீனி தேடத் தெரியாமல் அது காகத்துக்கோ பூனைக்கோ இரையாகும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது. வாங்கும் முன் வீட்டார் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான்.

பழகிய பறவை ஒருநாள் கைக்கு அருகே வந்து தலையைத் தாழ்த்தி நிற்கும். சொறிந்துவிடச் சொல்கிறது. கன்னத்திலும் கழுத்திலும், இறகு முளைத்த திசைக்கு எதிராக மெல்லக் கோதிவிடலாம். முதுகைத் தடவ வேண்டாம். இணைசேர அழைப்பதாக அது எடுத்துக்கொள்ளும்.