ஆறு பேரைக் கட்டிக் காப்பது எப்படி?

விளையாடுகிறவர் ஒருவர். அவருக்கு இருப்பது இரண்டு கண், இரண்டு கை.

அவர் நடத்திச் செல்ல வேண்டியதோ ஆறு பேர்!

ஆறு பேரும் ஒரே நேரத்தில் சண்டை போடுவார்கள். ஒருவனுக்கு அம்பு தீர்ந்துவிடும். இன்னொருவன் மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டு வெறுங்கையோடு நிற்பான். மூன்றாமவன் ரத்தம் சொட்டச் சொட்டத் தள்ளாடுவான். யாரை முதலில் கவனிப்பது?

"பால்டர்ஸ் கேட்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் புதிதாக இறங்குகிறவர்களைத் திணற அடிக்கும் கேள்வி இதுதான். இதற்கு விடை சண்டைக் களத்தில் கிடைக்காது. சண்டை தொடங்குவதற்கு முன்பே, வீரனை உருவாக்கும் பொழுதே விடையையும் தேடிக்கொள்ள வேண்டும்.

அடி தாங்க வேண்டும். அடிக்கடி கவனிக்கும்படி வைக்கக் கூடாது. இந்த இரண்டு குணமும் உள்ள வீரனை உருவாக்குவது எப்படி?

டாக்டர்கள் செய்த விளையாட்டு

கனடா நாட்டில் எட்மன்டன் என்று ஒரு நகரம். 1995-ம் ஆண்டில் அங்கே "பயோவேர்" என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ரே முசிக்கா, கிரெக் செசுக் ஆகிய இருவரும் மருத்துவம் படித்த டாக்டர்கள். இந்தக் கம்பெனி உருவாக்கிய "பால்டர்ஸ் கேட்" விளையாட்டு 1998-ம் ஆண்டின் கடைசியில் வெளிவந்தது.

விளையாட்டின் சட்டதிட்டங்கள் அதற்கு முன்பே பிறந்தவை. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் "டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் மாறிக் கதைக்குள் நடப்பார்கள். வாள் வீச்சு பட்டதா, படவில்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

"பால்டர்ஸ் கேட்" விளையாட்டில் அந்தப் பகடையைக் கம்ப்யூட்டரே உருட்டுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கதை இது: கேண்டில்கீப் என்ற கோட்டை. கோட்டை முழுவதும் புத்தகங்கள். அங்கே கோரியன் என்ற பெரியவர் வளர்த்த பிள்ளைதான் கதாநாயகன். ஒரு நாள் இருவரும் அவசரமாக ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள். வழியில் கோரியன் கொல்லப்படுகிறார். பிள்ளை அனாதையாக நடுக்காட்டில் நிற்கிறான்.

போகிற வழியில் தோழர்கள் சேருகிறார்கள். கதாநாயகனோடு சேர்த்து ஆறு பேர் வரை போகலாம்.

உயிருக்கும் ஒரு கணக்கு

ஒவ்வொருவருக்கும் ஆறு குணங்கள் உண்டு. வலிமை, சுறுசுறுப்பு, உடற்கட்டு, அறிவு, விவேகம், கவர்ச்சி. மூன்று பகடைகளை உருட்டி 3 முதல் 18 வரை மதிப்பெண் போடுவது பழைய வழக்கம்.

புதிதாக விளையாடுகிறவர்கள் வலிமைக்கு மட்டுமே அள்ளிக் கொடுப்பார்கள். ஓங்கி அடிப்பவனே வீரன் என்று நினைப்பு! ஆனால் எதிரி திருப்பி அடிப்பானே? அப்பொழுது கை கொடுப்பது உடற்கட்டு.

அடி தாங்கும் சக்திக்கு "உயிர்ப் புள்ளி" என்று பெயர் வைத்துக்கொள்வோம். போர்வீரன் முதல் படியில் 10 புள்ளியோடு தொடங்குகிறான். மந்திரவாதிக்கு 4 புள்ளிதான். உடற்கட்டு 18 இருந்தால் போர்வீரனுக்குப் படிக்கு 4 புள்ளி கூடும். ஆக, 14.

மந்திரவாதிக்கும் 18 வைத்தால் என்ன? அங்கேதான் ஒரு சூட்சுமம்! போர்வீரர் வகையைச் சேராதவர்களுக்கு எவ்வளவு உடற்கட்டு இருந்தாலும் படிக்கு 2 புள்ளிதான் கூடும். அந்த 2 புள்ளி, 16 இருந்தாலே கிடைத்துவிடும். அதற்கு மேல் மந்திரவாதியின் உடற்கட்டில் சேர்ப்பது வீண் செலவு. அந்த மதிப்பெண்ணை அறிவுக்கோ சுறுசுறுப்புக்கோ மாற்றிவிட வேண்டும்.

மந்திரவாதிக்கு மொத்தம் 6 புள்ளி. போர்வீரனுக்கு 14. ஒரு ஓநாய் பாய்ந்தால் இருவரில் யார் எழுந்து நிற்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

20-க்கு 11, 20-க்கு 1!

அடி தாங்குவது ஒரு பக்கம். அடியே விழாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு பக்கம்.

இந்த விளையாட்டில் கவசத்துக்கு ஒரு எண் உண்டு. விசித்திரம் என்னவென்றால், எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும்! கவசமே இல்லாதவனுக்கு எண் 10. தகட்டுக் கவசம் அணிந்தால் 3. கேடயம் பிடித்தால் இன்னும் ஒன்று குறைந்து 2. சுறுசுறுப்பு 18 இருந்தால் மேலும் 4 குறையும். பூஜ்யத்தையும் தாண்டிக் கழித்தல் 2-க்குப் போய்விடும்.

இதனால் என்ன லாபம்?

எதிரி அடிக்கும் ஒவ்வொரு முறையும் 20 முகம் உள்ள பகடை உருளுகிறது. முதல் படியில் இருக்கும் சாதாரண எதிரி, கவசமில்லாதவனை அடித்தால் 20 அடியில் 11 அடி விழும். தகட்டுக் கவசமும் கேடயமும் இருந்தால் 3 அடிதான் விழும். சுறுசுறுப்பும் சேர்ந்தால், பகடையில் 20 என்ற எண் விழுந்தால் ஒழிய அடி படாது. அதாவது, 20-க்கு ஒன்று!

தகட்டுக் கவசம் விலை உயர்ந்தது. தொடங்கியவுடன் வாங்க முடியாது. ஆனால் கையில் பணம் சேர்ந்ததும் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். ஒரு தடவை வாங்கினால் போதும். மருந்து போல் தீராது. அம்பு போல் குறையாது. தூங்கி எழுந்து புதுப்பிக்க வேண்டியதில்லை.

மந்திரவாதி வேண்டாமா?

வேண்டும்! ஒரே மந்திரத்தில் ஒரு கூட்டத்தையே உறங்க வைத்துவிடுவான். அந்த வேலை போர்வீரனால் ஆகாது.

ஆனால் முதல் படியில் மந்திரவாதிக்கு இருப்பது ஒரே ஒரு மந்திரம். சொல்லிவிட்டால் தீர்ந்தது. மறுபடியும் சொல்ல வேண்டுமானால் 8 மணி நேரம் படுத்து உறங்க வேண்டும். காட்டில் படுத்தால் நடு ராத்திரியில் பூதங்கள் வந்து எழுப்பும். மந்திரம் சொல்லும் நேரத்தில் ஒரு அடி விழுந்தால் மந்திரம் பாதியில் கெட்டுவிடும்.

போர்வீரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. காலையில் வீசிய வாளை மாலையிலும் வீசுவான்.

இன்னொரு முக்கியமான விஷயம். தோழன் இறந்தால் கோவிலுக்குத் தூக்கிப் போய்ப் பணம் கட்டி எழுப்பலாம். கதாநாயகன் இறந்தால் ஆட்டமே முடிந்தது! முன்பு பத்திரப்படுத்திய இடத்திலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

ஆகவே, முதல் தடவை ஆடுகிறவர்கள் கதாநாயகனைப் போர்வீரனாக வைத்துக்கொள்வது நல்லது. மந்திரவாதியைப் பிறகு வழியில் சேர்த்துக்கொள்ளலாம்.

குள்ளர் குலத்துப் போர்வீரனாக இருந்தால் இன்னும் விசேஷம். உடற்கட்டு 19 வரை போகும். விஷத்துக்கும் மந்திரத்துக்கும் அவ்வளவு சுலபத்தில் மசியமாட்டான்.

சத்திரத்து வாசலில் ஆபத்து

கோரியன் இறந்த பிறகு கதாநாயகன் போக வேண்டிய இடம் "பிரெண்ட்லி ஆர்ம்" என்ற சத்திரம். பெயருக்குப் பொருள் நேசக்கரம். ஆனால் வாசற்படியிலேயே ஒரு கூலிக் கொலைகாரன் காத்திருக்கிறான்! அவனும் மந்திரவாதி. அவன் மந்திரம் ஏவினால் கூட இருப்பவர்கள் பயந்து மூலைக்கு ஒருவராக ஓடுவார்கள். புதிதாக வந்தவர்களில் எத்தனையோ பேரின் கதை இந்தப் படியிலேயே முடிந்திருக்கிறது.

தாண்டி உள்ளே போனால் இரண்டு நல்ல தோழர்கள் கிடைப்பார்கள். காலித், ஜகைரா. இருவரும் கணவன் மனைவி. காலித் போர்வீரன், பேச்சு கொஞ்சம் திக்கும். ஜகைரா சண்டையும் போடுவாள், காயமும் ஆற்றுவாள். ஒருவரை வேண்டாம் என்று அனுப்பினால் மற்றவரும் கூடவே போய்விடுவார்!

கதாநாயகனோடு கோட்டையில் வளர்ந்த இமோயன் என்ற பெண் முன்பே வந்து சேர்ந்திருப்பாள். பூட்டுத் திறப்பதிலும் பொறிகளைக் கண்டுபிடிப்பதிலும் கெட்டிக்காரி. நாஷ்கெல் என்ற ஊரில் மின்ஸ்க் என்ற முரடன் கிடைப்பான். அவனிடம் ஒரு சின்னஞ்சிறு ஹாம்ஸ்டர் எலி இருக்கிறது. அது விண்வெளியிலிருந்து வந்த பிராணி என்பது அவன் நம்பிக்கை! சிறைப்பட்ட டைனஹீர் என்ற மந்திரக்காரியை மீட்டுத் தரும்படி கேட்பான். தாமதித்தால் கோபித்துக்கொள்வான். மீட்டால் ஆறு பேரும் சேர்ந்தாயிற்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. ஒத்துப் போகிறவர்களாகவும் இருக்க வேண்டும். நல்லவர்களையும் கெட்டவர்களையும் கலந்து வைத்தால், எதிரியை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொள்வார்கள். குழுவுக்கு நல்ல பெயர் கூடினால் கெட்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டு விலகிப் போவார்கள். அதே நல்ல பெயரால் கடையில் விலை குறையும் என்பது இன்னொரு லாபம்.

ஒடியும் வாள்

இந்தக் கதையில் நாட்டையே ஆட்டி வைப்பது ஒரு இரும்புப் பஞ்சம். நாஷ்கெல் சுரங்கத்து இரும்பு கெட்டுப்போகிறது. அதில் செய்த வாள் சண்டையின் நடுவில் படீரென்று ஒடியும்! வீரன் எவ்வளவு பலசாலியாக இருந்து என்ன? கையில் பிடி மட்டும் மிஞ்சும்.

இதற்கும் வழி உண்டு. இடுப்பில் எப்பொழுதும் இரண்டாவது ஆயுதம் இருக்கட்டும். மரத் தடி ஒடியாது. மந்திர சக்தி ஏற்றிய வாளும் ஒடியாது. அப்படி ஒரு வாள் கிடைத்தால் முன் வரிசை வீரனுக்கே முதல் உரிமை.

சண்டையில் நிற்கும் இடமும் முக்கியம். வெட்டவெளியில் நின்றால் ஆறு பேரையும் எதிரிகள் சூழ்ந்துகொள்வார்கள். வாசலிலோ குறுகிய பாதையிலோ கவச வீரனை நிறுத்தினால், ஒருவர் இருவர்தான் அவனை நெருங்க முடியும். மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அம்பு விடலாம், மந்திரம் சொல்லலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். கவச வீரன்தான் சுவர். மந்திரவாதி எழுதுவது சித்திரம்.

சுவரிலும் விரிசல் விழும்

இப்படி ஒருவனை உருவாக்கிவிட்டால் அவனை மறந்துவிடலாமா?

கூடாது! இங்கேதான் பழகியவர்களும் ஏமாறுகிறார்கள்.

கவச வீரன் எதுவும் கேட்க மாட்டான். அம்பு கேட்க மாட்டான். மந்திரம் கேட்க மாட்டான். தூக்கம் கேட்க மாட்டான். ஆகவே கண் முழுவதும் மந்திரவாதியின் மேலேயே இருக்கும். திரையின் ஓரத்தில் ஆறு பேரின் முகங்களும் வரிசையாகத் தெரியும். காயம் ஏற ஏற முகத்தின் மேல் சிவப்பு ஏறும். கவச வீரனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பதை யாரும் பார்ப்பதில்லை. திடீரென்று அவன் விழுவான். அடுத்த நொடி எதிரிகள் உள்ளே புகுந்துவிடுவார்கள். மற்ற ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சாய்வார்கள்.

அடி மிகப் பலமாக விழுந்தால் உடல் சிதறிவிடும். பிறகு எந்தக் கோவிலிலும் எழுப்ப முடியாது. மாதக் கணக்கில் கூட வந்த தோழன் போனால் போனதுதான்.

விளையாட்டிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. இடைவெளிப் பட்டையைத் தட்டினால் சண்டை அப்படியே நிற்கும். ஆற அமர யோசித்து, ஆறு பேருக்கும் கட்டளை கொடுத்துவிட்டு, மறுபடியும் தட்டலாம். ஒருவன் பலத்த காயம் பட்டால் ஆட்டம் தானாகவே நிற்கும்படியும், ஆயுதம் ஒடிந்தால் நிற்கும்படியும் முன்னதாகவே சொல்லி வைக்கலாம். இந்த இரண்டையும் முதல் நாளே செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

2012-ல் இந்த விளையாட்டு புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் வெளிவந்தது. மூன்றாம் பாகத்தை 2023-ல் பெல்ஜியம் நாட்டின் லாரியன் கம்பெனி வெளியிட்டது. அதில் குழுவுக்கு நான்கு பேர்தான். ஜகைராவும் மின்ஸ்க்கும் அதிலும் வருகிறார்கள். சட்டதிட்டங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. கவச எண்கூடத் தலைகீழாகி, கூடினால் நல்லது என்று ஆகிவிட்டது!

முன் வரிசையில் ஒருவன் நிற்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

அவன் கேட்கமாட்டான். சண்டைக்குச் சண்டை அவன் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, காயம் ஆற்றும் மருந்தில் முதல் குப்பியை அவனுக்குக் கொடுங்கள்.