நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் மையத்தில் பயிற்சி பெற்று, பனிமலையில் பாதை போட்டு, எல்லையில் கண்ணிவெடி அகற்றிவிட்டு வந்தவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். ராணுவத்தில் அவர்களுக்குத் ‘தம்பி’ என்றே பெயர். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து, பணி முடிந்தபின் அல்சூர், மர்ஃபி டவுன், லிங்கராஜபுரம் என்று இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. உடல் கெட்டு வெளியே வந்த பலருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து ஒரே மாதிரியான கடிதம் வருகிறது: ‘உங்கள் நோய் ராணுவப் பணியால் உண்டானதும் அல்ல, பணியால் மோசமடைந்ததும் அல்ல, ஆகவே டிசபிலிட்டி பென்ஷன் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’

அரசாங்கமே சொல்லிவிட்டது, இனி என்ன செய்ய என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. உச்ச நீதிமன்றம் பலமுறை ரத்து செய்திருப்பது இதே மாதிரியான முடிவுகளைத்தான்.

எவ்வளவு பணம், யாருக்கு?

ஊன ஓய்வூதியத்துக்கு அடிப்படை நிபந்தனை இரண்டு. நோயோ காயமோ பணியால் வந்ததாகவோ, பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். பாதிப்பின் அளவு 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

100 சதவீத ஊனத்துக்கு, கடைசியாகப் பெற்ற கணக்கில் கொள்ளத்தக்க சம்பளத்தில் 30 சதவீதம் ஊனப் பகுதியாகக் கிடைக்கும். ஊனம் குறைந்தால் அந்த விகிதத்தில் தொகையும் குறையும். போரில் பட்ட காயத்துக்கு இதைவிட அதிகம். 31 ஜனவரி 2001 தேதியிட்ட அரசுக் கடிதத்தின்படி 50-க்குக் கீழ் உள்ள ஊனம் 50 சதவீதமாகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடப்படும். 40,000 ரூபாய் சம்பளத்தில் 20 சதவீத ஊனத்தோடு வெளியே வந்தவருக்கு, நேர்க்கணக்குப்படி மாதம் 2,400 ரூபாய். உயர்த்திய கணக்குப்படி 6,000 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி.

இந்த உயர்வு மருத்துவக் காரணத்தால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே என்று அரசு நெடுங்காலம் வாதாடியது. முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 10 டிசம்பர் 2014 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

எங்கே சிக்குகிறது?

முதல் முடிச்சு மெடிக்கல் போர்டில் விழுகிறது. வெளியே வருமுன் கூடும் அந்தப் போர்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநோய் போன்றவற்றை ‘உடல்வாகு சார்ந்த நோய்’ என்று எழுதிவிடுகிறது. ஏன் அப்படி என்ற காரணம் பல நேரம் ஒரு வரியைத் தாண்டாது. இன்னொரு வழக்கமான காரணம், ‘நோய் தொடங்கியபோது இவர் அமைதிப் பகுதியில் இருந்தார்’ என்பது. காஷ்மீரிலும் அருணாசலத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, பெங்களூருக்கு மாற்றலாகி வந்தபின் ஒருவருக்கு ரத்த அழுத்தம் கண்டுபிடிக்கப்பட்டால், பெங்களூரைக் காட்டியே கோரிக்கை மறுக்கப்படுகிறது.

இரண்டாவது, சதவீதம். 15, 19 என்று 20-க்குக் கீழே எழுதிவிட்டால் பென்ஷன் இல்லை.

மூன்றாவது, காயம் பற்றிய ஆவணம். விளையாட்டிலோ பயிற்சியிலோ அடிபட்டபோது காய அறிக்கை எழுதப்படவில்லை என்றால், பத்தாண்டு கழித்து அதைப் பணிக் காயம் என்று காட்டுவது கடினம். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படுவதும் உண்டு.

நான்காவது, கணக்கு அலுவலகம். மருத்துவர்கள் ஒப்புக்கொண்டதைக்கூட, நோயாளியைப் பார்க்காமலே, இப்போது பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம் முன்பு மாற்றியிருக்கிறது. அது செல்லாது என்று 1993-ல் மொஹிந்தர் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைய தாமதம் வேறு வகை. பென்ஷன் ‘ஸ்பர்ஷ்’ இணையதளத்துக்கு மாறியபின், பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கோப்பு நிற்கலாம். தமிழர்களுக்கு இதில் தனித் தொல்லை உண்டு. பணிப் பதிவேட்டில் இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும், வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஒன்று.

ஐந்தாவது, அரசின் மேல்முறையீடு. தீர்ந்துபோன சட்டக் கேள்விகளுக்கும் அரசு உச்ச நீதிமன்றம் வரை போனதால், வழக்கில் வென்ற சிப்பாய் மறுபடியும் காத்திருக்க நேர்ந்தது. 2015-ல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு, ஊன ஓய்வூதிய வழக்குகளில் இப்படிப்பட்ட மேல்முறையீடுகளைக் கைவிடச் சொன்னது.

தரம்வீர் சிங் வழக்கு

இதில் ஒவ்வொரு முன்னாள் படைவீரரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. தரம்வீர் சிங் 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தார். சுமார் ஒன்பதாண்டு பணியாற்றியபின் 1994-ல் வலிப்பு நோய், 20 சதவீத நிரந்தர ஊனம் என்று சொல்லி வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. 2 ஜூலை 2013 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் சாரம் எளிமையானது. ராணுவத்தில் சேரும்போது தலை முதல் கால் வரை பரிசோதித்து, தகுதியானவர் என்று சான்று தந்தது ராணுவ மருத்துவரே. அப்போது எந்தக் குறையும் எழுதப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியில் வந்தது என்றே கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்றால் அதை நிரூபிப்பது அரசின் பொறுப்பு. சேர்க்கையின்போது ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்கு மெடிக்கல் போர்டு காரணம் எழுத வேண்டும். ஐயத்தின் பலன் சிப்பாய்க்கே போக வேண்டும். 1982-ன் ஊன ஓய்வூதிய விதிகளிலேயே இவை இருக்கின்றன. நீதிமன்றம் அவற்றை எடுத்துக் காட்டியது.

2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. ஒருவரை மருத்துவக் காரணத்துக்காக வேலையை விட்டே அனுப்புகிறீர்கள் என்றால், அவருடைய ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்றது. சியாச்சினில் பணியாற்றி, வலிப்பு நோயால் 1989-ல் வெளியேற்றப்பட்ட பிஜேந்தர் சிங்குக்கு 2025-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம், கவாஸ் அனில் மட்சோ வழக்கில், அமைதிப் பகுதியில் நோய் வந்தது என்பது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகாது என்றது.

எல்லா வழக்கும் வெற்றி பெறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விடுமுறையில் சகோதரி வீட்டுப் படிக்கட்டில் வழுக்கி விழுந்த விஜய் குமாரின் கோரிக்கையை 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காயத்துக்கும் பணிக்கும் ஏதாவது தொடர்பு இருக்க வேண்டும். மேலும், 1 ஜனவரி 2008 முதல் ஓய்வு பெற்றவர்களுக்கு 2008 விதிகள், 21 செப்டம்பர் 2023 முதல் புதிய விதிகள் என்று நிபந்தனைகள் படிப்படியாக இறுகியிருக்கின்றன. வெளியே வந்து 15 ஆண்டு கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் சுமை கேட்பவர் தலையில் விழும் என்கிறது 2008 விதி. ஆகவே, எந்தத் தேதியில் வெளியே வந்தீர்களோ அந்தத் தேதிக்குரிய விதியை முதலில் பாருங்கள். அக்னிவீரர்களுக்கு ஓய்வூதியமே கிடையாது. ஊன அளவைப் பொறுத்து 15, 25 அல்லது 44 லட்சம் ரூபாய் ஒரே தவணையாக உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

*பணியில் இருக்கும்போதே:* அடிபட்டால் அன்றே காய அறிக்கை கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். மெடிக்கல் போர்டில் நீங்கள் தரும் வாக்குமூலத்தில் கடினப் பகுதிகளில் பணியாற்றிய காலத்தை வரிசையாக எழுதுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

*மறுப்பு வந்தவுடன்:* தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், உங்கள் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் முழு நகலையும், சேர்க்கையின்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளையும் ரெக்கார்ட் ஆபீஸில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். காரணம் எழுதப்படாத அந்தப் பத்திதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி.

*மேல்முறையீடு:* மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. கையில் கொடுத்தால் முத்திரையோடு ரசீது, தபாலில் என்றால் பதிவுத் தபால்.

*தீர்ப்பாயம்:* அங்கும் தோற்றாலோ, ஆறு மாதமாகியும் பதில் இல்லை என்றாலோ, ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பெங்களூரில் அதற்கு நிரந்தர அமர்வு இல்லை. கர்நாடகம் கொச்சி அமர்வின் கீழ் வருகிறது. தமிழ்நாட்டுக்குச் சென்னை அமர்வு. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுக முடியும் என்பதை 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

*காலம் கடந்துவிட்டதா?* பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் அநீதி என்பதால், ஆண்டுகள் கழித்தும் வழக்குப் போடலாம் என்று 2008-ல் தர்சேம் சிங் வழக்கு சொல்கிறது. ஆனால் பாக்கித் தொகை பொதுவாக வழக்குக்கு முந்தைய மூன்றாண்டுக்கு மட்டுமே கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்தின் பணமும் திரும்பி வராது. கணவர் இறந்திருந்தால் மனைவியும் வாரிசுகளும் இந்த வழியில் போகலாம்.

யாரிடம் உதவி கேட்பது?

பெங்களூரில் பீல்டு மார்ஷல் கரியப்பா சாலையில் கர்நாடக அரசின் படைவீரர் நலத்துறை அலுவலகம் இருக்கிறது. மாவட்டப் படைவீரர் நல அலுவலகங்களிலும் விண்ணப்பம் எழுத உதவுவார்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கைம்பெண்களும் இதில் அடங்குவர்.

‘பாக்கியில் பாதி எனக்கு, மீதி உங்களுக்கு’ என்று வரும் இடைத்தரகர்களை அண்டவிடாதீர்கள். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டும் ஓடிபியும் யாரிடமும் சொல்லாதீர்கள். பெயர்ப் பிசகை முதலில் சரிசெய்துவிடுங்கள்.

சிப்பாய் தனியாகப் போராடித்தான் இதைப் பெற வேண்டும் என்றால் அது அரசுக்கு அழகல்ல. மெடிக்கல் போர்டு ஒவ்வொரு மறுப்புக்கும் புரியும்படி காரணம் எழுத வேண்டும். தீர்ந்த கேள்விக்கு அரசு மறுபடி நீதிமன்றம் போகக்கூடாது. இத்தனை ராணுவ மையங்கள் இருக்கும் பெங்களூருக்குத் தீர்ப்பாயத்தின் நிரந்தர அமர்வு வேண்டும். இவற்றை முன்னாள் படைவீரர் சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் உரக்கக் கேட்க வேண்டும். அதுவரை, விதி தந்த உரிமையை எந்தச் சிப்பாயும் ஒரு மறுப்புக் கடிதத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம்.